ஓரடிப் பாதத்துக்கு மலைக் காலணி

தமிழில் ‘அடி’ என்னும் சொல் பாதத்தையும் குறிக்கும். பன்னிரண்டு அங்குல நீளத்தையும் குறிக்கும். ஆங்கிலேயரும் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் வழங்குகிறார்கள். ஆயினும் அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம்மில் பெரும்பாலோருடைய அடி ஓர் அடி இராது. வயது வந்த ஆடவரின் பாதம் பொதுவாகப் பத்து அங்குலத்தை ஒட்டியே நிற்கும். மெய்யாகவே பன்னிரண்டு அங்குலப் பாதம் படைத்தவர் சிலர் உண்டு. அவர்கள் கடையில் நுழைந்து பூட்ஸ் கேட்டால், கடைக்காரர் முதலில் முகத்தைப் பார்ப்பார். பிறகு காலைப் பார்ப்பார். பிறகு கையை விரிப்பார். அத்தகைய ஒருவர் மலையில் வேட்டையாடப் போவதானால் எத்தகைய பூட்ஸை, எவ்வாறு தேர்ந்தெடுப்பது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மாணவ நேயர்களுக்கு இது சற்று விசித்திரமாகத் தோன்றலாம். நம் நாட்டில் வேட்டைக்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிர் பாதுகாப்புச் சட்டமும், 1991-இல் அதற்குச் செய்த திருத்தமும் அந்தப் பொழுதுபோக்கை முடித்து வைத்துவிட்டன. நீலகிரியில் ஆங்கிலேயர் வரையாட்டைத் தேடி மலை உச்சிகளில் அலைந்த காலம் ஒன்று இருந்தது. அலைந்தவர்கள் பெருகி ஆடுகள் அருகியதால், 1877-இல் அங்கே வேட்டையைக் கட்டுப்படுத்தவே ஒரு சங்கம் ஏற்பட்டது. இன்று அதே வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதைச் சுடுவது குற்றம். ஆகவே நான் சொல்லும் வேட்டைக்காரர் வேறு தேசத்தவர். அமெரிக்காவின் ராக்கி மலைகளில் பெருங்கொம்பு ஆட்டையும், அலாஸ்காவில் டால் ஆடு என்னும் வெண்ணிற மலையாட்டையும், ஐரோப்பாவின் ஆல்ப்ஸில் ஷாமுவா என்னும் மலை விலங்கையும் தேடிப் போகிறவர். அங்கெல்லாம் உரிமச் சீட்டுப் பெற்று, குறித்த பருவத்தில், குறித்த எண்ணிக்கைக்கு உட்பட்டு வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. வேட்டை நல்லதா தீயதா என்னும் விவாதத்திற்குள் இன்று நான் புகவில்லை. அவர் காலில் என்ன இருக்கிறது என்பதுதான் நம் கவலை. அந்தக் கவலையின் உள்ளே கணிதமும் பௌதிகமும் உடற்கூற்று நூலும் இருக்கின்றன.

மலை வேட்டை என்றால் பரண் கட்டி உட்கார்ந்திருப்பது அன்று. அலாஸ்காவை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் சிறிய விமானம் ஒன்று வேட்டைக்காரரை ஆற்றுமணலில் இறக்கிவிட்டுப் போய்விடும். அதன் பிறகு ஒரு வாரமோ பத்து நாளோ அவர் கூடாரத்தையும் உணவையும் முதுகில் சுமந்து நடக்க வேண்டும். பாதை கிடையாது. காலையில் ஆற்றின் கூழாங்கற்கள். நண்பகலில் முழங்காலளவு புதர். மாலையில், மிதித்தால் சரியும் கல்சரிவு. ஆடுகள் வாழ்வதோ கழுகும் ஓநாயும் எளிதில் எட்டாத பாறைத் திட்டுகளில். ஒன்றை வீழ்த்திவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டா. உண்ணத்தக்க இறைச்சியை மலையிலேயே விட்டுவருவது அந்த மாநிலச் சட்டப்படி குற்றம். ஆகையால் போகும்போது இருந்த சுமையோடு இறைச்சியின் பளுவும் சேர்ந்துகொள்ளும். அதைத் தூக்கிக்கொண்டு அவர் இறங்க வேண்டும். இறங்குதல் ஏறுதலைவிடக் கடினம். மூச்சுக்கு அன்று, பாதத்துக்கு. இந்தப் பத்து நாளும் அவருக்கு வண்டி, குதிரை, ரயில் எல்லாமே அந்த இரண்டு பாதங்கள்தாம்.

பூட்ஸ் பொருந்தவில்லையானால் என்ன ஆகும்? கொப்புளம் உண்டாகும். ‘கொப்புளந்தானே’ என்று சொல்லத் தோன்றும். 1924-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜின் இளைய மகன், பதினாறு வயதுப் பையன், காலுறை அணியாமல் டென்னிஸ் ஆடினான். கால் விரலில் ஒரு கொப்புளம் எழுந்தது. அது சீழ் பிடித்து, நஞ்சு இரத்தத்தில் கலந்து, சில நாட்களில் அவன் இறந்துபோனான். நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் அருகிலிருந்தும் பயனில்லை. பெனிசிலினைப் பிளெமிங் கண்டறிந்தது 1928-இல்; அது நோயாளிகளுக்கு மருந்தாகப் பயன்பட்டது 1940-களில். இன்னொருவர் கதை நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. இல்லினாய் மாநிலத்து ஆல்டன் நகரத்தில் 1918-இல் பிறந்த ராபர்ட் வாட்லோ, மருத்துவ ஆவணங்களில் பதிவான மனிதருள் மிக உயரமானவர், எட்டடி பதினோரங்குலம். அவருடைய காலணியின் அமெரிக்க எண் 37. பாதத்தின் நீளம் ஏறக்குறைய பதினெட்டரை அங்குலம். காலணிக் கம்பெனி ஒன்றுக்காக அவர் ஊர் ஊராகச் சென்று மக்கள் முன் தோன்றியதும் உண்டு. அவருக்குப் பாதங்களில் உணர்ச்சி குறைவு. நடப்பதற்குக் காலில் உலோகத் தாங்கி அணிந்திருந்தார். 1940 ஜூலையில் சரியாகப் பொருந்தாத தாங்கி கணுக்காலில் உராய்ந்து கொப்புளம் உண்டாக்கிற்று. அதை அவர் உடனே உணரவில்லை. இருபத்திரண்டாம் வயதில், ஜூலை 15-ஆம் நாள், உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

இன்று மருந்துகள் உள்ளன. கொப்புளத்தால் இறப்பவர் மிக அரியர். ஆனால் ஆற்றுமணலுக்கு மூன்று நாள் நடைத் தொலைவில், குதிகாலின் தோல் உரிந்து நிற்கும் மனிதருக்கு மருந்து ஒன்றே போதாது. அவர் நடந்தாக வேண்டும். நொண்டி நடப்பவர் சரிவில் காலை எங்கு வைப்பது என்று பார்ப்பதில்லை. எங்கு வலிக்காது என்று பார்க்கிறார். மலை விபத்துக்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

இனிப் பூட்ஸின் எண்ணைப் பார்ப்போம். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைப் பலர் வேதவாக்காகக் கொள்கிறார்கள். பூட்ஸ் தைப்பவர் பாத வடிவமான ஒரு கட்டையின்மேல் தோலை இழுத்துப் பொருத்துகிறார். அதற்கு அச்சு என்று பெயர். இங்கிலாந்தின் எண்ணும் அமெரிக்காவின் எண்ணும் அந்த அச்சின் நீளத்தைக் கணக்கிட்டவை. ஓர் எண் கூடினால் நீளம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஒரு பார்லி மணியின் நீளம் அதுவே என்பது பழைய ஆங்கிலக் கணக்கு. ஆனால் எண்ணத் தொடங்கும் இடம் இரு நாட்டிலும் வேறு. எனவே அமெரிக்காவின் 14, இங்கிலாந்தின் 13 ஆகிறது. ஐரோப்பிய நிலத்திலோ ஓர் எண்ணுக்கு ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே இதே பூட்ஸ் 48 அல்லது அதற்கு அண்டை எண்ணாகும். பன்னிரண்டு அங்குலப் பாதத்துக்கு ஒரு நாட்டில் 14, ஒரு நாட்டில் 13, ஒரு நாட்டில் 48! போதாக்குறைக்கு, ஒரே எண் இட்ட இரு கம்பெனிகளின் பூட்ஸை அளந்தால் உள்ளே நீளம் ஒத்திராது. பாதத்தின் நீளத்தையே மில்லிமீட்டரில் சொல்லிவிடும் முறை ஒன்றும் இருக்கிறது. சில நாட்டுப் படைகளும் பனிச்சறுக்குக் காலணித் தொழிலும் அதைப் பின்பற்றுகின்றன. அதுவே நேர்மையான முறை என்பது என் எண்ணம். கடைகள் அதற்கு இன்னும் மனம் இசையவில்லை.

எண் பொய் சொன்னால் எதை நம்புவது? பாதத்தை நம்ப வேண்டும். அமெரிக்காவில் சிரக்கியூஸ் நகரத்துக் காலணிக் கடைக்காரர் ஒருவரின் மகன் சார்லஸ் பிரானக். அவர் 1920-களில் ஓர் அளவுக் கருவியை அமைத்தார். குழந்தைகள் பூட்டி விளையாடும் உலோகத் துண்டுகளைக் கொண்டே அதன் முதல் மாதிரியைச் செய்தாராம். உலோகத் தட்டின் மேல் பாதத்தை வைத்து, நகரும் சட்டங்களால் அளப்பது அதன் வேலை. அதன் சிறப்பு நீளத்தை அளப்பதில் இல்லை. அதை ஒரு மரக்கோலும் செய்யும். குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரையுள்ள தொலைவையும், முன்பாதத்தின் அகலத்தையும் அது தனித்தனியே காட்டிவிடும்.

இந்த இரண்டாவது நீளத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நடக்கும்போது பாதம் மடங்குவது விரல் நுனியில் அன்று, விரல்களின் அடிமூட்டில். பூட்ஸும் அதே இடத்தில்தான் அகன்றிருக்கும். அதே இடத்தில்தான் மடங்கும். பன்னிரண்டு அங்குலப் பாதமுடைய இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு விரல்கள் நீளம், பாதத்தின் உடல் குட்டை. மற்றவருக்கு விரல்கள் குட்டை, பாதத்தின் உடல் நீளம். அளவுகோலில் இருவரும் ஒன்றே. ஆனால் இருவருக்கும் ஒரே பூட்ஸைக் கொடுத்தால் இரண்டாமவருக்கு மூட்டு ஓரிடத்திலும் பூட்ஸின் மடிப்பு வேறிடத்திலும் விழும். அவருக்கு விரல் முன்னே இடம் காலியாக இருந்தாலும் ஓர் எண் பெரிய பூட்ஸே ஏற்றது. பாதம் பெரிதாகப் பெரிதாக இந்த வேறுபாடு அங்குலக் கணக்கில் வளர்கிறது. சிறிய பாதத்தில் மன்னிக்கக்கூடிய பிழை, பெரிய பாதத்தில் ரணமாகிறது.

அளக்கும் வேளையும் முறையும் முக்கியம். அமெரிக்கப் படையின் மருத்துவர் மன்சன் என்பவர், சுமார் இரண்டாயிரம் சிப்பாய்களின் பாதங்களை ஆராய்ந்த குழுவின் முடிவுகளைக் கொண்டு 1912-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதையொட்டி அந்தப் படையில் ஒரு விதி வந்தது: சிப்பாய் முதுகில் நாற்பது ராத்தல் சுமையோடு, முழுப் பளுவையும் ஒரு காலில் தாங்கி நிற்கும்போது பாதத்தை அளக்க வேண்டும். நாற்காலியில் சொகுசாக அமர்ந்து நீட்டிய கால் வேறு. சுமை தாங்கி நிற்கும் கால் வேறு. பளு ஏறும்போது உள்ளங்காலின் வளைவு தாழ்ந்து, பாதம் நீளத்திலும் அகலத்திலும் சில மில்லிமீட்டர் விரிகிறது. நாள் முழுவதும் நடந்தால் வீங்கியும் விடுகிறது. எனவே மாலை வேளையில், மலைக்கு அணியும் அதே கம்பளிக் காலுறையோடு, சுமையைத் தோளில் மாட்டிக்கொண்டு அளக்க வேண்டும். இரண்டு பாதங்களையும் அளக்க வேண்டும். அவை பெரும்பாலும் சமமாக இருப்பதில்லை. பெரியதற்கே பூட்ஸ் வாங்க வேண்டும்.

அகலம் ஒரு தனிச் சிக்கல். அமெரிக்காவில் அகலத்தை எழுத்தால் குறிக்கிறார்கள். ஆடவருக்கு ‘டி’ நடுத்தரம், ‘இ’, ‘இரட்டை இ’ என்று அது விரியும். பெரிய பாதமெல்லாம் அகன்ற பாதம் அன்று. நீண்டு ஒடுங்கிய பாதமும் உண்டு. அகன்ற பாதக்காரருக்குத் தம் எண்ணில் அகலம் கிடைக்காதபோது அவர் ஒன்றிரண்டு எண் பெரிதாக வாங்கிவிடுகிறார். முன்பாதம் அடங்குகிறது, ஆனால் குதிகால் கிணற்றில் விட்ட வாளிபோல் ஏறி இறங்குகிறது. அந்த உராய்வுதான் கொப்புளம். தோலின் மேற்பரப்பு காலுறையோடு ஒட்டி நிற்க, உள்ளிருக்கும் எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. இடைப்பட்ட தோலடுக்குகள் இழுபட்டுப் பிரிந்து நீர் கோக்கின்றன. இன்னும் இரண்டு காலுறைகளைத் திணித்து அதைச் சரிசெய்ய முயல்வார் உண்டு. அது குதிகாலைப் பிடிப்பதில்லை, வியர்வையைத்தான் பெருக்கும். ஈரத் தோல் உலர்ந்த தோலைவிட விரைவில் உரியும்.

ஒடுங்கிய பாதக்காரரின் துன்பம் எதிரானது. கம்பெனிகள் பெரிய எண்களைத் தைக்கும்போது பருத்த உடலினரை மனத்தில் வைத்து எல்லாப் பக்கமும் விரித்துவிடுகின்றன. நாடாவை எவ்வளவு இறுக்கினாலும் இருபுறத் தோலும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும்; மேற்கொண்டு இறுக்க இடமிராது. புறங்கால் உயரமும் இங்கே கணக்கில் வரும். அவர் பூட்ஸினுள் அடித்தட்டை மாற்றி, கனமான கம்பளித் தட்டு ஒன்றை இட்டுப் பாதத்தை உயர்த்திக்கொள்ளலாம்.

இப்போது பௌதிகத்திற்கு வருவோம். சரிவில் ஏறுபவர் பூட்ஸின் முன்பகுதியை மட்டும் ஊன்றி, குதிகால் காற்றில் தொங்க நிற்க நேரும். அப்போது பூட்ஸின் அடிப்பகுதி ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் பளு ஏற்றிய பலகைபோல் வேலை செய்கிறது. அத்தகைய பலகை எவ்வளவு வளையும் என்பது நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. இருபத்தைந்து சென்டிமீட்டரிலிருந்து முப்பதுக்கு நீட்டினால் நீளம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் அதே கனமும் அகலமும் உள்ள பலகை அதே பளுவுக்கு ஒன்றே முக்கால் மடங்கு அளவுக்கு வளையும். பளுவும் அதே பளுவாக இராது. பெரிய பாதக்காரர் பொதுவாகப் பெரிய உடலினர். ஆகவே நடுத்தரப் பாதத்தில் விறைப்பாக நிற்கும் பூட்ஸ், அதே மாதிரியில் பெரிய எண்ணில் தைக்கப்படும்போது துவண்டுபோகலாம். துவளும் பூட்ஸில் கெண்டைக்காலே முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் கால் நடுங்கத் தொடங்கும். பெரிய பாதக்காரர் தம் நண்பர் அணிவதைவிட ஒரு படி விறைப்பான பூட்ஸை நாட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கடையிலேயே சோதித்துவிடலாம்: ஒரு படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, சுமையோடு ஒரு நிமிடம் நின்று பார்த்தால் போதும். பக்கவாட்டு முறுக்கையும் பார்க்க வேண்டும். குதியையும் முனையையும் இரு கையால் பிடித்து, துணி பிழிவதுபோல் முறுக்கினால் பூட்ஸ் எளிதில் இணங்கக் கூடாது. சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது பூட்ஸின் விளிம்பே படியாக அமைகிறது. விளிம்பு முறுகினால் படி சரிகிறது.

விறைப்புக்கு விலை உண்டு, அது கனம். கடை அட்டையில் குறித்திருக்கும் எடை பெரும்பாலும் நடுத்தர எண்ணுக்குரியது. பெரிய எண்ணில் அது கூடும். ஒரு நாளில் இருபதாயிரம் அடி எடுத்து வைத்தால் ஒவ்வொரு காலும் பத்தாயிரம் முறை தூக்கப்படுகிறது. பூட்ஸ் ஒவ்வொன்றிலும் இருநூறு கிராம் கூடினால், ஒரு கால் மட்டுமே அன்று மாலைக்குள் இரண்டு டன் எடையை மிகுதியாகத் தூக்கியிருக்கும்! காலில் ஏற்றிய சுமை, உடலோடு சேர்ந்த அதே சுமையைவிட, நடையின் வேகத்துக்கேற்ப நான்கு முதல் ஆறு மடங்கு சக்தியைச் செலவழிக்கிறது என்று 1969-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கண்டது. இதைக் கேட்டு இலேசான ஓட்டக் காலணியை நாடுவோரும் உள்ளனர். கோடையில், சுமையின்றி, நல்ல பாதையில் அது தகும். கல்சரிவில் சுமையோடு இறங்கும் முப்பது சென்டிமீட்டர் பாதத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடிப்பாகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சோக வரலாறு இருக்கிறது. முற்காலத்தில் ஆல்ப்ஸ் மலையேறிகள் இரும்பாணி அறைந்த கனத்த பூட்ஸில் அடிவாரம் வரை நடந்து, பாறை ஏறும்போது மெல்லிய அடியுள்ள காலணிக்கு மாறுவார்கள். 1935 செப்டம்பரில் இத்தாலிய ஆல்ப்ஸில் பூந்தா ராசிகா சிகரத்துக்குச் சென்ற குழு ஒன்று அவ்வாறு மாறிய பிறகு பனிப்புயலில் சிக்கியது. அறுவர் மாண்டனர். அக்குழுவில் இருந்து பிழைத்த மிலான் நகரத்து விட்டாலே பிரமானி, பாறைக்கும் பனிக்கும் ஒருசேர உதவும் அடிப்பாகத்தைத் தேடலானார். 1937-இல் ஆழமான பள்ளங்கள் உடைய ரப்பர் அடியை அவர் கொண்டுவந்தார். அவர் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து அதற்கு விப்ரம் என்று பெயராயிற்று. 1954-இல் கே-2 சிகரத்தை முதன்முதலில் ஏறிய இத்தாலியர் காலிலும் அந்த அடியே இருந்தது. இன்றைய மலைப் பூட்ஸ் பலவற்றிலும் அதன் மரபைக் காணலாம். அதற்கும் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அதே ஆல்ப்ஸில் வில்லும் அம்புமாய்த் திரிந்து இறந்த ஒரு மனிதனின் உடல் 1991-இல் பனியிலிருந்து வெளிப்பட்டது. அவன் காலணிக்குக் கரடித்தோல் அடி. உள்ளே மரப்பட்டை நாரால் பின்னிய வலை. அந்த வலைக்குள் குளிர் தாங்க உலர்ந்த புல். பெயர் தெரியாத அந்தக் காலணி தைத்தவன் குறை சொல்ல முடியாத தொழிலாளி.

பெரிய பாதக்காரரின் மெய்யான பகைவன் மலை அன்று, கடைதான். பல கம்பெனிகள் 12 அல்லது 13-ஆம் எண்ணோடு நிறுத்திக்கொள்கின்றன. மேற்பட்ட எண்ணுக்குத் தனியே அச்சு வேண்டும், வாங்குவோர் சிலரே, கணக்குப் பார்த்தால் இலாபமில்லை. வேட்டைப் பருவம் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது கடைக்கு வந்த மனிதர், தமக்கு வேண்டிய 14 கிடைக்காமல் 13-ஐ அணிந்து பார்க்கிறார். சற்றுப் பிடிக்கிறது. ‘போகப் போகத் தோல் விரிந்துகொடுக்கும்’ என்று விற்பவர் சொல்கிறார். இந்த ஒரு வாக்கியத்தை எக்காரணம் கொண்டும் நம்பக் கூடாது. தோல் அகலவாட்டில் சிறிது இணங்கும், நீளவாட்டில் இணங்காது. முனையைச் சுற்றி ரப்பர்ப் பட்டை ஒட்டியிருந்தால் அங்கே அகலத்திலும் இணங்காது. இறக்கத்தில் விரல் நுனி ஒவ்வோர் அடிக்கும் சுவரில் மோதும். பெருவிரல் நகத்தின் அடியில் இரத்தம் கட்டி நகம் கறுக்கும், பிறகு விழும். மூன்று வாரத்தில் பூட்ஸ் கிடைக்காவிடில் அந்த ஆண்டு வேட்டையை விட்டுவிடுவதே மேல். உரிமச் சீட்டுக்குப் பல ஆண்டு காத்திருந்தவருக்கு இதைச் சொல்வது எளிது, கேட்பது கடினம் என்பதை நான் அறிவேன்.

கிடைக்கும் வழிகளும் உண்டு. வானொலியில் கடைப் பெயர் சொல்லும் வழக்கம் இல்லை. ஆயினும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் 15, 16 வரையும் பல அகலங்களிலும் மலைப் பூட்ஸ் தைக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரத்தில், மரம் வெட்டுவோருக்கும் காட்டுத்தீ அணைப்போருக்கும் கையால் பூட்ஸ் தைத்துக் கொடுக்கும் பட்டறைகள் பாதத்தின் வரைகோட்டையும் சுற்றளவுகளையும் பெற்று அதற்கேற்பத் தைக்கின்றன. இது பழைய முறைதான். ஆபிரகாம் லிங்கனுக்குக் காலணி எண் 14 என்பார்கள். அவர் ஜனாதிபதியாக இருந்தபோது, 1864-இல், காகிதத்தில் எடுத்த அவருடைய பாதங்களின் வரைகோடு நியூயார்க்கிலிருந்த காலர் என்னும் காலணி தைப்பவருக்குக் கிடைத்தது. அது இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அளவெடுத்துத் தைக்க மாதக்கணக்கில் ஆகலாம். எனவே குளிர்காலத்திலேயே முனைந்தால்தான் அடுத்த ஆகஸ்டுக்குப் பூட்ஸ் காலில் பழகியிருக்கும்.

பூட்ஸ் வந்ததும் வீட்டுக்குள்ளேயே சோதிக்க வேண்டும். வெளியே மண் பட்டால் கடை திரும்பப் பெறாது. நாடா கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளி விரல் முனையைத் தொடச்செய்தால், குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். பின்னர் நாடாவைக் கட்டி, ஒரு பலகையைச் சாய்வாக வைத்து, முகம் கீழ்நோக்கி நின்று பாதத்தை உதறிப் பார்க்க வேண்டும். விரல் முட்டக் கூடாது. அதே பலகையில் மேல்நோக்கி நடந்தால் குதிகால் மிகச் சிறிதளவே எழலாம். குதி எழுந்தால் உடனே பூட்ஸைப் பழிக்க வேண்டா. கணுக்கால் வளையும் இடத்தில் நாடாவை இரண்டு முறை சுற்றி முடிந்து, அதற்கு மேலே தனியாக இறுக்கினால் பல பூட்ஸ் அடங்கிவிடும். அதற்கும் அடங்காததைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

பழக்குவதற்கு மன்சன் காலத்துப் படையில் முரட்டு வழி ஒன்று இருந்தது. சிப்பாய் புதுப் பூட்ஸோடு கணுக்காலுக்குத் தாழ்ந்த நீரில் ஐந்து நிமிடம் நிற்பான். தோல் நனைந்து இளகியதும் அது காலிலேயே உலரும்வரை ஒரு மணி நேரம் நடப்பான். உள்ளே நீர்புகாச் சவ்வும் பசையும் கொண்ட இக்காலத்துப் பூட்ஸுக்கு இது வேண்டா. முதல் வாரம் வீட்டில், அடுத்த வாரம் தெருவில், பிறகு மேட்டில், பிறகு சுமையோடு. மொத்தம் ஒரு நூறு கிலோமீட்டர் நடந்தால் தோல் காலை அறிந்துகொள்ளும், காலும் தோலை அறிந்துகொள்ளும். இடையில் எங்கேனும் சூடு தெரிந்தால், கொப்புளம் எழும்வரை காத்திராமல் அந்த இடத்தில் ஒட்டுப்பட்டை போட வேண்டும். மலையிலும் இதே விதி. ‘அந்த மேடு ஏறியதும் பார்த்துக்கொள்வோம்’ என்று நடப்பவர் அந்த மேட்டில் ஏறியதும் தோலைத்தான் பார்ப்பார்.

இன்னும் சில சில்லறைச் செய்திகள். இறுகிய பனியில் நடக்கப் பூட்ஸின் அடியில் கட்டும் இரும்பு முட்சட்டத்துக்குக் கிராம்பன் என்று பெயர். அதன் நடுச்சட்டத்தை நீட்டிக் குறுக்கலாம்; ஆனால் 14-ஆம் எண் பூட்ஸுக்குப் பல சட்டங்கள் எட்டுவதில்லை. நீளமான நடுச்சட்டத்தைத் தனியே வாங்கி, பூட்ஸில் பூட்டிப் பார்த்த பிறகே புறப்பட வேண்டும். நனைந்த தோல் பூட்ஸை நெருப்பருகே காய வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும். கூடாரத்துக்குள் அடித்தட்டை உருவிவிட்டு, உலர்ந்த துணியையோ காகிதத்தையோ உள்ளே அடைத்து வைப்பது நலம். உபரியாக ஒரு ஜோடி நாடாவும் பையில் இருக்கட்டும். அதை வாங்கும்போது பூட்ஸில் உள்ள நாடாவை உருவி, பக்கத்தில் வைத்து நீளம் பார்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண நாடா பெரிய பூட்ஸின் மேல் இரண்டு கொக்கிகளுக்கு எட்டாது.